ஜன்னலைச் சாத்திவிட்டால் போதுமா? காட்டுத்தீப் புகை வழிகாட்டி ஒன்றைப் பற்றி

2018 நவம்பரில் அம்மா எங்களோடு இருந்தார். பே ஏரியாவுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. எட்டாம் தேதி காலை, எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 150 மைல் வடக்கே பாரடைஸ் என்ற ஊர் பக்கம் தீப் பிடித்தது. பொழுது சாய்வதற்குள் ஊரில் பெரும்பகுதி இல்லை. 85 பேர் இறந்துபோனார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அந்தப் புகை கீழே இறங்கி வந்து, எங்கள் தலைக்கு மேல் கிட்டத்தட்ட இரண்டு வாரம் உட்கார்ந்துகொண்டது.

“விறகடுப்பு ஊதி வளர்ந்தவ நான். இந்தப் புகைக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?” என்றார் அம்மா. நாலாம் நாள் ராத்திரி அவர் இருமிய இருமலில் நானும் மனைவியும் எழுந்து உட்கார்ந்தோம். அன்றைக்குத்தான் முதல் முறையாக அந்த வழிகாட்டியைத் தேடி எடுத்து முழுசாகப் படித்தேன்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ., வனத்துறை, நோய்க் கட்டுப்பாட்டு மையம், கலிஃபோர்னியா மாநிலத் துறைகள் எல்லாம் சேர்ந்து வெளியிடும் காட்டுத்தீப் புகைக் கையேடு அது. பொதுச் சுகாதார அதிகாரிகளுக்காக எழுதப்பட்டது. முதல் வடிவம் 2001-ல் வந்தது. அதன் பிறகு பல முறை திருத்தினார்கள். 2019-ல் வந்தது பெரிய திருத்தம். நீங்கள் இதைப் படித்திருக்க மாட்டீர்கள். ஆனால் இதன் வரிகளைக் கேட்டிருப்பீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் மின்னஞ்சல், டிவியில் ஓடும் எழுத்து, அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டு எல்லாம் இதிலிருந்து எடுத்ததுதான். எங்கள் தொழிலில் சொல்வதென்றால், ஆயிரம் ப்ரோக்ராம்கள் கூப்பிடும் ஒரு லைப்ரரி. அதில் ஒரு ஓட்டை இருந்தால் ஆயிரம் இடத்தில் ஒழுகும். அதனால்தான் இதை உட்கார்ந்து விமர்சிக்க வேண்டும் என்று தோன்றியது. நான் மருத்துவன் இல்லை. கணக்குப் போடத் தெரிந்த ஒரு பொறியாளன், அவ்வளவுதான்.

எது சரி

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குச் சொல்லும் யோசனைகளில் ஆகச் சிறந்தது, “ஒரு அறையை மட்டும் சுத்தமாக வை” என்பது. வீடு முழுக்கப் போராடாதே. ஒரு அறையைத் தேர்ந்தெடு, ஜன்னலைச் சாத்து, காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை ஓட விடு, அங்கேயே இரு, அங்கேயே தூங்கு.

இது ஏன் சரி என்று ஒரு சின்னக் கணக்கு. புகையில் நம்மைப் படுத்துவது பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள். வெளியே ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 12-க்கு 12 அடி அறை, 8 அடி உயரம். ஓரளவு புதிய கட்டடம். எல்லாவற்றையும் சாத்திய பிறகும் மணிக்கு அறைக்காற்றில் பாதி அளவு வெளிக்காற்று இடுக்கு வழியாக வருகிறது. கொஞ்சம் துகள் தானாகவே சுவரிலும் தரையிலும் படியும். அதற்கு மணிக்கு 0.2 என்று வைத்தேன். சுத்திகரிப்பான் இல்லாவிட்டால் உள்ளே 143-ல் போய் நிற்கும். நிமிடத்துக்கு 150 கன அடி சுத்தமான காற்றைத் தரும் மெஷின் ஒன்றை வைத்தால் 12.

அதே மெஷினை 800 சதுர அடி அபார்ட்மென்ட்டின் ஹாலில் வைத்து, எல்லா அறைக் கதவுகளையும் திறந்து போட்டால்? 47. காசு அதேதான், கரண்ட் அதேதான். நாலு மடங்கு புகை. புகைக் காலத்துக்கு ஒரு சுலபமான விதி உண்டு: அறை எத்தனை சதுர அடியோ, மெஷின் நிமிடத்துக்குக் குறைந்தது அத்தனை கன அடி சுத்தக் காற்று தர வேண்டும். பெட்டியின் மேல் “புகை” என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். வேறு எந்த விளம்பர வரியையும் பார்க்க வேண்டாம்.

மெஷின் வாங்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2020 ஆகஸ்டில், கோவிட் நேரத்தில், ரிச்சர்ட் கோர்ஸி என்ற பேராசிரியர் யோசனை சொல்ல, ஃபில்டர் கம்பெனி நடத்தும் ஜிம் ரோஸந்தால் செய்து பார்த்த பெட்டி அது. நாலு அல்லது ஐந்து மெர்வ் 13 ஃபில்டர், மேலே ஒரு சதுர ஃபேன், சுற்றி டேப். அரை மணி நேர வேலை. ஃபேன் மட்டும் 2012-க்குப் பிறகு தயாரானதாக, பாதுகாப்பு ஃப்யூஸ் உள்ளதாக இருக்கட்டும். நான் இதுவரை நாலு பெட்டி கட்டியிருக்கிறேன். ஒன்றுகூட அழகாக வந்ததில்லை. எல்லாமே வேலை செய்கின்றன.

புகை நாளில் வறுக்காதே, பொரிக்காதே, மெழுகுவத்தி ஏற்றாதே என்றும் கையேடு சொல்கிறது. நான் இதை லேசாகத்தான் எடுத்துக்கொண்டேன். சாத்திய வீட்டில் சென்சார் 18 காட்டிக்கொண்டிருந்தபோது அம்மா ரசத்துக்குத் தாளித்தார். கடுகு வெடித்து நாலு நிமிடம் ஆகவில்லை, 160. சாயந்திரம் விளக்கேற்றி ஊதுபத்தி வைத்தபோது மறுபடியும் ஏற்றம். நம் வீடுகளுக்கு இந்த வரியைத் தனியாக மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்: புகை நாளில் தாளிப்பும் அப்பளமும் ஊதுபத்தியும் வேண்டாம், இட்லி அவித்துக்கொள்ளுங்கள். அம்மா ஊதுபத்தியை விடவே மாட்டேன் என்றார். அணைத்த பத்தியைச் சாமிக்கு முன்னால் வைத்து ஒருவழியாகச் சமாதானம் ஆனோம்.

எண்ணை நம்பலாமா

எப்போது சாத்துவது, எப்போது திறப்பது என்பதைக் காற்றுத்தரக் குறியீட்டை வைத்து முடிவு செய்யச் சொல்கிறது கையேடு. நல்ல யோசனை. ஆனால் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாதவருக்கு அது குழப்பத்தையும் சேர்த்தே தரும்.

அரசுத் தளம் காட்டுவது இந்த நிமிடத்துக் காற்றை அல்ல. கடந்த 12 மணி நேர அளவுகளை எடையிட்டுச் செய்த சராசரி. காற்று வேகமாக மாறினால் கடைசி மணிகளுக்குக் கூடுதல் எடை. இருந்தாலும் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். தனியார்கள் மாட்டியிருக்கும் சின்ன லேசர் சென்சாரோ உடனுக்குடன் காட்டும், ஆனால் விறகுப் புகையை மிகையாகக் காட்டும். ஈ.பி.ஏ. ஆட்கள் போட்ட திருத்தச் சூத்திரத்தில், சென்சார் பச்சையாக 200 காட்டி ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், திருத்திய மதிப்பு 107 அளவுதான். 2020 முதல் அரசின் தீ-புகை வரைபடத்திலேயே இந்தச் சென்சார்களைத் திருத்திச் சேர்த்துவிட்டார்கள். ரொம்ப நல்ல காரியம்.

கண்ணை நம்பலாமா? அதுவும் முடியாது. 2020 செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் விடியவே இல்லை. வானம் ஆரஞ்சு நிறம், பகலில் தெருவிளக்கு. எல்லோரும் பயந்து கதவைச் சாத்தினோம். அன்று புகையின் பெரும்பகுதி மேலேயே இருந்தது. தரையில் காற்று அவ்வளவு மோசமில்லை. அடுத்தடுத்த நாட்களில் வானம் வெறும் சாம்பல் நிறமாகி, பயம் தெளிந்து எல்லோரும் நடைப்பயிற்சிக்குக் கிளம்பியபோதுதான் புகை தரைக்கு இறங்கியது. கையேட்டில் கண்ணால் தெரியும் தூரத்தை வைத்துப் புகையை மதிப்பிடும் முறையும் பேசப்படுகிறது. ஆரஞ்சு நாளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அளவி இருக்கும் ஊரில் அதை விட்டுவிடலாம்.

இவையெல்லாம் சின்னக் குறைகள். இனிமேல்தான் என் உண்மையான சண்டை.

“உள்ளே” என்று எதைச் சொல்கிறார்கள்

எங்கள் வீட்டுக்குக் கீழ் வீட்டில் எழுபது தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருந்தார். அவருக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். எனக்கு அது தெரியும். எதிரே பார்த்தால் வணக்கம் சொல்வேன், கனமான பையை வாங்கிக்கொள்வேன், அவ்வளவு பழக்கம். நவம்பர் 21-ம் தேதி மழை வந்து புகையைக் கழுவிய மறுநாள் தபால் பெட்டி பக்கத்தில் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. ரேடியோவில் சொன்னபடி பதிமூன்று நாளும் வெளியே வரவில்லையாம். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தாராம். மூச்சு முட்டி ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிக்கும் போய் வந்திருக்கிறார்.

அவர் வீட்டு ஜன்னல்கள் எங்கள் வீட்டைவிடப் பழையவை, ஒற்றைக் கண்ணாடி, சட்டம் சரியாகப் பொருந்தாது. மேலே போட்ட கணக்கில் மணிக்கு அரை என்பதற்குப் பதிலாக ஒன்றரை என்று போடுங்கள். சுத்திகரிப்பான் இல்லாமல் உள்ளே 176. வெளியே 200. பதிமூன்று நாள் அவர் கடைப்பிடித்த ஒழுக்கத்துக்குக் கிடைத்த பலன் அந்த 24. அறிவுரையை அவர் மீறவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார். அந்த நேரம் மேலே என்னிடம் சென்சார் இருந்தது, மெஷின் இருந்தது, கணக்கும் இருந்தது. எங்களுக்கு நடுவே பன்னிரண்டு படிக்கட்டு.

என் தப்பை மறைத்துக் கையேட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் கையேட்டை மறுபடி புரட்டியபோது ஒன்று உறைத்தது. ஏழைகளுக்குப் புகையால் ஆபத்து அதிகம் என்று அதன் ஆரம்பத்திலேயே இருக்கிறது. முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் வரிசையில் அவர்களும் உண்டு. ஆனால் தீர்வு சொல்லும் பகுதிக்கு வந்தால் வினைச்சொற்கள் எல்லாம் ஒரே ஆளைப் பார்த்துப் பேசுகின்றன: சாத்து, வாங்கு, ஓட்டு, இரு. பொருந்தும் ஜன்னலும், ஒரு மெஷினுக்குக் காசும், வீட்டிலிருந்தே வேலை செய்ய விடும் முதலாளியும் உள்ள ஆள். அதாவது, நான்.

இது என் மனக்குறை மட்டும் இல்லை. அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1,400 சென்சார்களின் தரவை வைத்து 2021-ல் வந்த ஓர் ஆய்வில், புகை நாட்களில் வெளித்துகள் உள்ளே நுழையும் விகிதம் 0.4-லிருந்து 0.2 ஆகக் குறைந்திருந்தது. ஜனங்கள் சாத்துகிறார்கள், மெஷின் போடுகிறார்கள், பலிக்கிறது. சந்தோஷம். ஆனால் சென்சார் வாங்கி மாட்டும் வீடு எப்படிப்பட்ட வீடு என்று யோசியுங்கள். கீழ் வீட்டுப் பாட்டி அந்தத் தரவில் இருக்க வாய்ப்பே இல்லை. அடுத்த வருடம் ஸ்டான்ஃபோர்டின் மார்ஷல் பர்க் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் நேராகப் பேசுகிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு நடுவே உள்காற்றின் துகள் அளவு 20 மடங்கு வரை வேறுபடுகிறது. வசதியான பகுதிகளில்தான் தகவல் தேடுகிறார்கள், வீட்டில் இருக்கிறார்கள். அவரவர் தற்காப்பை நம்பும் கொள்கைக்குக் கிடைக்கும் பலன் சுமார்தான், அதுவும் சமமில்லாமல் கிடைக்கும் என்பது அவர்கள் முடிவு.

20 மடங்கு! ஒரே தெரு, ஒரே வானம், ஒரே குறியீட்டு எண். “உள்ளே இரு” என்ற வாக்கியத்தில் “உள்ளே” என்ற சொல்லுக்கு ஒரு பொருளே இல்லை என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

உள்ளே இருக்க முடியாதவர்கள்

அந்த நவம்பரில் நான் ஜன்னல் வழியே பார்த்த இன்னொரு காட்சி. எங்கள் வளாகத்துத் தோட்ட வேலைக்காரர், முகத்தில் ஒரு கைக்குட்டை, கையில் இலை ஊதும் மெஷின். குறியீடு 200 தாண்டிய நாள். பே ஏரியாவின் பல பள்ளிக்கூடங்களை மூடிவிட்டிருந்தார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இந்தத் துகளைத் தடுக்காது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்-95 வேண்டும். கடைகளில் அது தீர்ந்துபோயிருந்தது.

2019 ஜூலையில் கலிஃபோர்னியா இதற்கு ஒரு தொழிலாளர் பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. துகள் குறியீடு 151-ஐத் தொட்டால் முதலாளி என்-95 கொடுக்க வேண்டும். போடுவதும் போடாததும் தொழிலாளி விருப்பம். 500-ஐத் தாண்டினால்தான் கட்டாயம். விதியே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கையேட்டின் அட்டவணையில் 101-லேயே “எளிதில் பாதிக்கப்படுவோருக்குக் கெடுதி” என்று ஆரம்பிக்கிறது. 140-ல் தக்காளி பறிக்கும் ஆஸ்துமாக்காரருக்கு ஒரு தாள் “வெளியே உழைக்காதே” என்கிறது. இன்னொரு தாள் அவர் முதலாளியிடம் எதையுமே கேட்பதில்லை. இரண்டும் அரசுத் தாள். பிறகு ஓரிகன் மாநிலம் இதே மாதிரி விதி போட்டபோது 101-லிருந்தே ஆரம்பித்தது. முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, ஊரை விட்டே போய்விடலாமே என்று கேட்பீர்கள். மொன்டானா மாநிலத்தில் சீலி லேக் என்ற சின்ன ஊரில் 2017-ல் அதுதான் நடந்தது. 49 நாள் புகை. நாள் சராசரி 220 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு இருக்கலாம் என்று சொல்வது 15. சுகாதாரத் துறை ஊரை விட்டுப் போகும்படி பரிந்துரைத்தது. பெரும்பாலோர் போகவில்லை. வேலை இருக்கிறது, மாடு இருக்கிறது, வீடு இருக்கிறது, போன இடத்தில் தங்கக் காசு வேண்டும். மொன்டானா பல்கலைக்கழகத்தார் அந்த ஊரில் 95 பேரைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். மூச்சுத் திறன் இயல்பு எல்லைக்குக் கீழே இருந்தவர்கள் அந்த வருடம் 10.2 சதவீதம். ஒரு வருடம் கழித்து 45.9. இரண்டு வருடம் கழித்தும் 33.9. சின்ன ஆய்வுதான், ஒரே ஊர்தான். இருந்தாலும், புகை போனால் எல்லாம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னைத் தூங்கவிடாத எண்கள் இவை.

நான் திருத்தினால்

ஊர் அளவில் சுத்தக் காற்று இடங்கள் அமைப்பது பற்றிக் கையேட்டில் இருக்கிறது. அதிகாரிகள் பரிசீலிக்கலாம், ஆலோசிக்கலாம் என்ற தொனியில் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் பேசும்போது கட்டளை. ஊரிடம் பேசும்போது ‘லாம்’. இதைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஒன்று, புகை வந்த பிறகு செய்பவற்றைவிட, புகை இல்லாத மாதத்தில் செய்ய வேண்டியவற்றை முதல் பக்கத்தில் போட வேண்டும். தீ மூண்ட அன்று ஃபில்டரும் கிடைக்காது, மாஸ்க்கும் கிடைக்காது.

இரண்டு, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நூலகமோ பள்ளியோ மெர்வ் 13 தாங்கும் காற்றோட்டக் கருவியோடு தயாராக இருக்க வேண்டும். 2019-லேயே கலிஃபோர்னியா இப்படிப்பட்ட மையங்களுக்கு உதவ 836-ம் எண் மசோதாவைச் சட்டமாக்கியது. அது முன்னோட்டத் திட்டம். அதை வழக்கமாக்க வேண்டும்.

மூன்று, மெஷினைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மொன்டானாவின் மிசூலாவில் உள்ளூர் அமைப்பும் சுகாதாரத் துறையும் சேர்ந்து, வெளியே வர முடியாத முதியவர்களின் வீட்டுக்கே சுத்திகரிப்பான்களைச் சேர்க்கிறார்கள். ‘வாங்கு’ என்பதற்கும் ‘இந்தா’ என்பதற்கும் உள்ள தூரம்தான் விஷயமே.

நாலாவது நமக்கு. 2021 வசந்த காலத்தில், எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை தமிழ் படிக்கும் கட்டடத்தில், ஏசியில் என்ன ஃபில்டர் இருக்கிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் நச்சரித்த பிறகு திறந்து பார்த்தார்கள்: மெர்வ் 8, நுண்துகளுக்குச் சல்லடை மாதிரி. அதன் மோட்டார் 13-ஐத் தாங்குமா என்று மெக்கானிக்கைக் கேட்டு, தாங்கும் என்றதும் மாற்றினோம். சில நூறு டாலர். வாரம் நூற்றைம்பது குழந்தைகள் மூச்சுவிடும் இடம். இந்தக் கேள்வியைக் கோயில் கூடத்தில் கேளுங்கள், அலுவலகத்தில் கேளுங்கள், அபார்ட்மென்ட் மேலாளரிடம் கேளுங்கள். கேட்டால் கொஞ்சம் முறைப்பார்கள், பரவாயில்லை.

2020-ல் புகை மறுபடி வந்தபோது இரண்டு பெட்டி கட்டினேன். ஒன்றைக் கீழே எடுத்துப் போனேன். பாட்டி கதவைத் திறந்து, டேப் ஒட்டிய அந்த அட்டைப்பெட்டியை மேலும் கீழும் பார்த்து, “இது வெடிக்காதே?” என்று கேட்டார். படுக்கையறையில் வைத்து, கதவைச் சாத்தி, என் சென்சாரையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். சாயந்திரம் போன் செய்து எண்ணைப் படித்துச் சொன்னார்: 21. மறுநாள் காலையிலும் படித்தார். பிறகு புகை போகும்வரை தினமும் இரண்டு வேளை.

மேலே போட்ட கணக்கை, உங்கள் அறை அளவைப் போட்டால் விடை வருகிற மாதிரி ஒரு சின்னத் தாளாகச் செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த குறிப்பில் போடுகிறேன். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: உங்கள் படிக்கட்டுக்குக் கீழே யார் இருக்கிறார்கள், அவர்கள் ஜன்னல் சரியாகச் சாத்துமா என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.